பிரிகின்ற இல்லமும் பிரியாத செலவுகளும்

மணவாழ்வு ஒரே நாளில் முறிந்துவிடுவதில்லை. வழக்கறிஞரின் அறிவிப்பு வீடு வந்து சேரும் நாளுக்கும், நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கும் நாளுக்கும் இடையே மாதங்கள் பல, சில வேளைகளில் ஆண்டுகளே பல, உருண்டோடுகின்றன. அந்த இடைக்காலத்திலும் அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். எரிவாயு உருளை தீர்ந்தால் மற்றொன்று வர வேண்டும். இரு மாதங்களுக்கு ஒருமுறை மின்கட்டணம் கட்டப்பட வேண்டும். வங்கியில் வாங்கிய வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை தவறாது செல்ல வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்குக் கடைசி நாள் என்று ஒன்று உண்டு. நீதிமன்றத்தின் வாய்தாவைப்போல் அது தள்ளிப்போவதில்லை. பால்காரர் இவ்வழக்கில் வாதியும் அல்லர், பிரதிவாதியும் அல்லர்; மாதம் முடிந்ததும் அவர் வாசலில் வந்து நிற்கத்தான் செய்வார்.

இச்செலவுகளை யார் ஏற்பது? எந்த அளவில் ஏற்பது? அன்பு போய்விட்ட வீட்டில் எந்த நியாயத்தின்பேரில் ஏற்பது?

நம்மிடையே இவ்வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதேயில்லை. திருமணத்தின் முறிவுபடாத் தன்மையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், பேசவும் வேண்டும். ஆனால் மணமுறிவு கூடாது என்று சொல்லி முடித்துவிட்டால், நீதிமன்ற வாசலை ஏற்கெனவே மிதித்துவிட்ட இணையருக்குச் சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லாமற் போய்விடுகிறது. திருச்சபை அவ்வாறு வாய்மூடி இருக்கவில்லை. சில சட்ட உரிமைகளையோ, பிள்ளைகளின் பராமரிப்பையோ, உரிமைச் சொத்தையோ காப்பதற்கு அரசுச் சட்டப்படியான மணமுறிவு ஒன்றே வழியாகுமெனில், அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றும், அது நெறிமுறைக் குற்றமாகாது என்றும் மறைக்கல்வி ஏடு தனது 2383ஆம் எண்ணில் கூறுகிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்போ, கணவனும் மனைவியும் பிரிந்து வாழ நேரும்போது பிள்ளைகளின் வாழ்க்கைச் செலவுக்கும் கல்விக்கும் தக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டுமென்று 1154ஆம் பிரிவில் கட்டளையிடுகிறது. திருமணம் செல்லாது எனத் தீர்ப்புச் சொல்லும்போதுகூட, இணையர் ஒருவருக்கொருவரும் பிள்ளைகளுக்கும் ஆற்ற வேண்டிய கடமைகளைத் திருச்சபை நீதிமன்றம் நினைவூட்ட வேண்டுமென்பது சட்டம். மறைமாவட்ட அலுவலகத்திலிருந்து வரும் அந்தத் தாளில் பலர் முதல் வரியை மட்டுமே படிக்கிறார்கள் என்பது வேறு செய்தி.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். மணப்பிணைப்பு மனிதரால் அறுக்க முடியாதது என்று நம்புகிறவர்கள் நாம். அப்படியாயின், வழக்கறிஞர் அனுப்பிய ஓர் அஞ்சலால் அப்பிணைப்பிலிருந்து பிறந்த கடமை மட்டும் எவ்வாறு அறுந்துபோகும்? "இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை" என்று கூறி வீட்டுச் செலவை நிறுத்திவிடும் கத்தோலிக்கர், நம்பிக்கை அறிக்கையில் ஒன்றும் அரிசிக் கடையில் வேறொன்றும் சொல்கிறார்.

நாட்டின் சட்டம் இவ்விடைக்காலத்தை எவ்வாறு நோக்கி வந்திருக்கிறது என்பது நாம் அறிந்திருக்க வேண்டிய கதை. கிறிஸ்தவர்களுக்கென 1869ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசு இயற்றிய மணமுறிவுச் சட்டம், வழக்கு நடக்கும் காலத்தில் மனைவி வாழ்க்கைச் செலவு கேட்கலாம் என்று 36ஆம் பிரிவில் அனுமதித்தது. ஆனால் அத்தொகை, கணவரின் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்றும் வரம்பிட்டது. ஐந்தில் ஒன்று! அவளோடு எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், வீட்டு வாடகை என்ன என்பதையெல்லாம் பாராத ஒரு பின்னம். அந்த வரம்பு நீங்க 2001ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின்கீழ் வழங்கப்பட்ட பராமரிப்புத் தொகைக்கு இருந்த மாதம் 500 ரூபாய் என்ற உச்ச வரம்பும் அதே ஆண்டில்தான் நீக்கப்பட்டது. இடைக்காலச் செலவுக்கான மனுவை இயன்றவரை 60 நாள்களுக்குள் முடிக்க வேண்டுமென்ற விதியும் அவ்வாண்டில் வந்ததே. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், வீடு யார் பெயரில் இருப்பினும் அதில் குடியிருக்கும் உரிமையை மனைவிக்கு அளித்தது. மற்றொரு வேறுபாடும் உண்டு. இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் வழக்குக் காலச் செலவைக் கணவனோ மனைவியோ, தேவைப்படும் எவரும் கேட்கலாம். நமது சட்டத்தின் 36ஆம் பிரிவு மனைவியை மட்டுமே குறிப்பிடுகிறது. நோயுற்று வேலையிழந்த கணவரை, நிலையான ஊதியம் பெறும் மனைவி கைவிடும்போது அப்பிரிவு அவருக்குக் கைகொடுப்பதில்லை. சட்டம் பேசாத இடத்தில் மனச்சான்றும் பேசாதிருக்கலாம் என்று பொருளாகாது.

இனி, பங்கீட்டுக்கு வருவோம். "ஆளுக்குப் பாதி" என்பதுதான் எவர் வாயிலும் முதலில் எழும் சொல். கேட்பதற்கு நேர்மையாகத்தான் இருக்கிறது. ஓர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். கணவரின் மாத ஊதியம் 60,000 ரூபாய். மனைவியின் ஊதியம் 30,000 ரூபாய். கடன் தவணை, பள்ளி, மளிகை, மருந்து எல்லாம் சேர்ந்து இல்லத்தின் செலவு 36,000 ரூபாய். ஆளுக்குப் பாதி எனில் ஒவ்வொருவரும் 18,000 தர வேண்டும். கணவர் கையில் 42,000 மிஞ்சும். மனைவி கையில் 12,000 மிஞ்சும். வருமானத்திற்கு ஏற்பப் பகிர்ந்தால் அவர் 24,000, அவள் 12,000 என்றாகும். இரண்டாவது கணக்கே முதலாவதைவிட நீதிக்கு நெருக்கமானது என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. சுமையைச் சமமாக்குவதுதான் சமம், தொகையைச் சமமாக்குவதன்று.

ஆனால் இக்கணக்கிலும் ஒரு பெரும் ஓட்டை இருக்கிறது. பிரிவுக்குப்பின் பிள்ளைகள் தாயிடமே இருக்கிறார்கள் என்று கொள்வோம். காலையில் எழுப்பிக் குளிப்பாட்டிச் சோறு கட்டிக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பி, மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்து, இரவில் காய்ச்சலுக்கு நெற்றியில் துணி நனைத்துப் போட்டு விழித்திருக்கும் உழைப்பு எந்தப் பத்தியில் எழுதப்படும்? அது பணமில்லை என்பதால் பங்களிப்பும் இல்லை என்று எண்ணுவது நமது பழைய கண்ணோய். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில், கணவர் வெளிநாட்டில் பொருளீட்டிய காலத்தில் இல்லத்தை நடத்திய மனைவியின் உழைப்பும் அச்சொத்துகள் சேர்வதற்குக் காரணமே என்றும், அவளுக்கு அவற்றில் சம பங்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. இது தமிழ்நாட்டில் எழுந்த வழக்கு என்பதில் நாம் சிறிது மகிழலாம். கோவாவிலோ, போர்ச்சுக்கீசியர் விட்டுச்சென்ற 1867ஆம் ஆண்டின் உரிமையியல் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் மணந்தவர்களின் உடைமைகள் இருவருக்கும் பொதுவாகின்றன. நாம் வாழும் பகுதியில் அத்தகைய பொது விதி இல்லை. பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது வீடு. அந்தப் பத்திரத்தைப் பதிவு செய்வதற்காக அடகுக் கடைக்குப் போன நகைகள் யாருடையவை என்று பத்திரம் சொல்வதில்லை. காற்சிலம்பைக் கழற்றிக் கொடுத்த கண்ணகியைப் போற்றிய நாம், அச்சிலம்புக்கு ஒரு ரசீது உண்டா என்று கேட்கப் பழகவில்லை.

இங்கேதான் வழக்குகளில் அடிக்கடி ஒலிக்கும் அந்த எதிர்ப்புக் குரல் எழுகிறது: "தவறு செய்தவர் அவர். அவருக்காக நான் ஏன் செலவழிக்க வேண்டும்?" இக்குரலை நாம் எளிதாக ஒதுக்கிவிடலாகாது. ஏமாற்றப்பட்ட மனம், தன்னை ஏமாற்றியவருக்கு உணவளிப்பதில் அநீதியை உணர்வது இயல்பே.

விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரம் இவ்விடத்தில் வியப்பூட்டும் ஒளியைத் தருகிறது. அடிமையாக விற்கப்பட்ட ஒரு பெண்ணை ஒருவன் மனைவியாக ஏற்று, பின்னர் வேறொருத்தியையும் மணந்துகொள்கிறான். அந்நிலையில் முதல் பெண்ணின் உணவையோ, உடையையோ, மண உரிமையையோ அவன் குறைக்கக் கூடாது என்கிறது அச்சட்டம். குறைத்தால், அவள் பணம் எதுவும் கொடாமலே விடுதலையாகிச் செல்லலாம். அடிமை முறையையும் பலதார மணத்தையும் ஏற்றிருந்த ஒரு காலத்தின் சட்டம் இது. நமக்கு முன்மாதிரி என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் அச்சட்டம் கண்டுகொண்ட உண்மையை நோக்குங்கள். அவனது விருப்பம் மாறிவிட்டது. அவள்மேல் இருந்த நாட்டம் தணிந்துவிட்டது. அவளுடைய சோற்றுக்கும் துணிக்கும் அந்த நாட்டம் ஒருபோதும் அடிப்படையாக இருந்ததில்லை என்பதுபோல் சட்டம் பேசுகிறது. உணவு ஒரு பக்கம், உள்ளம் ஒரு பக்கம். உள்ளம் திரும்பிய அளவுக்கு உணவு குறையலாகாது.

இதற்கு எதிரான காட்சி தொடக்க நூலில் இருக்கிறது. ஆகாரையும் சிறுவனையும் அனுப்பிவிடுமாறு சாரா வற்புறுத்தியபோது ஆபிரகாம் மனம் வருந்தினார். பின்னர் காலையில் எழுந்து அப்பத்தையும் ஒரு தோற்பை நீரையும் அவள் தோள்மீது வைத்து அனுப்பினார். கால்நடையும் வெள்ளியும் பொன்னும் நிறைந்த பெருஞ்செல்வர் அவர் என்று அதே நூல் முன்னரே கூறியிருக்கிறது. அந்தச் செல்வர் தம் மகனின் தாய்க்குக் கொடுத்தனுப்பியது ஒரு தோற்பை நீர். பாலைநிலத்தில் அது தீர்ந்தது. தாய் பிள்ளையைப் புதருக்கடியில் விட்டுவிட்டு, அவன் சாவதைக் காணச் சகியாமல் தொலைவில் போய் அமர்ந்தாள். சிறுவனைப் பேணுவதாகக் கடவுள் ஆபிரகாமிடம் வாக்களித்திருந்தார் என்று சிலர் விளக்கம் சொல்வர். உண்மைதான், கடவுள் வாக்குத் தவறவில்லை, கிணற்றைக் காட்டினார். ஆனால் கடவுளின் பராமரிப்பை நம்முடைய கடமையிலிருந்து கழித்துக்கொள்ளும் தொகையாக எவரும் கருத முடியாது. பிரிந்துபோன எத்தனை தந்தையர், "கடவுள் அவர்களைப் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு ஊதிய நாளன்று தொலைபேசியை எடுக்காமல் இருக்கிறார்கள்! தம் வீட்டாரைப் பேணாதவர் நம்பிக்கையை மறுதலித்தவர் என்றும், நம்பிக்கை இல்லாதவரைவிடத் தாழ்ந்தவர் என்றும் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம் சொல்கிறது. வீட்டார் நல்லவராக இருந்தால் மட்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை.

குற்றத்தின் கணக்கையும் இல்லத்தின் கணக்கையும் ஒரே ஏட்டில் எழுதக் கூடாது என்பதே நமது கருத்து. குற்றத்தை நீதிபதி விசாரிக்கட்டும். மேலான நீதிபதி ஒருவரும் இருக்கிறார். மணவுரிமையை மீட்டளிக்கும் தீர்ப்பைப் பெற்றும் மனைவி திரும்பி வரவில்லை என்ற ஒரே காரணத்தால் அவளுக்குப் பராமரிப்பு மறுக்கப்பட வேண்டியதில்லை என்று 2025ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியதும் ஏறக்குறைய இத்திசையில் நடக்கும் சிந்தனையே.

மற்றொரு தடை பக்தியின் உருவில் வருகிறது. அன்பு கணக்குப் பார்க்காது. எனவே மன்னித்துவிட்ட மனைவி பணம் கேட்கலாமா, மன்னித்துவிட்ட கணவர் ரசீது கேட்கலாமா என்று நல்லெண்ணம் உடையோரே வினவுகிறார்கள். அன்பு தீங்குகளைக் கணக்கு வைப்பதில்லை என்றுதான் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். மளிகைக் கணக்கைப் பற்றி அவர் எழுதவில்லை. ஒன்றாக வாழும் வீட்டில் கணக்கு இல்லாதிருப்பது அழகு. அங்கே யார் எவ்வளவு தந்தார் என்பதை அன்பு மறக்கச் செய்கிறது. அன்பு போனபின் அதே மறதி வலியவருக்குச் சாதகமாகிவிடுகிறது. வலியவர் மறந்தால் எளியவர் பட்டினி கிடக்கிறார். எனவே அத்தகைய வீட்டில் நேர்மையாக எழுதப்பட்ட ஒரு கணக்கேடுதான் இரக்கத்திற்கு எஞ்சியிருக்கும் உருவம் என்று சொல்லத் துணிகிறோம். கேட்பவர் பேராசைக்காரர் அல்லர். கொடுப்பவர் குற்றத்தை ஒப்புக்கொண்டவரும் அல்லர்.

ஆனால் அந்த ஏடு பிரிவு தொடங்கிய நாளிலிருந்துதான் திறக்கப்பட வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிக் கொடுத்த தையல் இயந்திரத்தையும், மாமனாரின் கண் அறுவைக்குக் கொடுத்த தொகையையும் இன்று பட்டியலிட்டுத் திருப்பிக் கேட்பவர்களைக் காண்கிறோம். அன்று அது கொடையாகவே கொடுக்கப்பட்டது. வெறுப்பு, முன்தேதியிட்டுக் கொடைகளைக் கடன்களாக மாற்ற முடியாது. வரதட்சிணை வேறு, அது கொடையே அன்று என்பதால் அதற்கு இவ்வாதம் பொருந்தாது.

வழக்கறிஞர்களைப் பற்றியும் ஒரு சொல். "இப்போது எதுவும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் உங்கள் வருமானத்தை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்" என்று அறிவுரை கூறுவோர் உண்டு. அவர்கள் தம் தொழிலைச் செய்கிறார்கள். ஆனால் வேலையைத் துறந்து வறியவராக வேடமிடுவதும், ஊதியத்தை அண்ணன் பெயருக்கு மாற்றுவதும், தனிப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பெறும் வருமானத்தை மனைவி மறைப்பதும் பொய்ச்சான்றுதான்; பத்துக் கட்டளைகளில் அதற்குத் தனி எண் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, பராமரிப்பு வழக்குகளில் இரு தரப்பினரும் தம் சொத்துகளையும் கடன்களையும் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளிப்படுத்த வேண்டும். பராமரிப்புத் தொகையும் மனு அளித்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். இழுத்தடிப்பவருக்கு இதனால் இலாபமில்லை. நீதிமன்றத்துக்குப் போகும் வழியிலேயே எதிராளியுடன் உடன்பாட்டுக்கு வருமாறு ஆண்டவர் மலைப்பொழிவில் கூறினார். வழியில் என்ற சொல்லை நாம் போதுமான அளவு சிந்திக்கவில்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த இடைக்காலம்தான் அந்த வழி. வழக்கு முழுவதையும் முடித்துக்கொள்ள மனமில்லாதவர்கள்கூடப் பள்ளிக் கட்டணத்தைப் பற்றி மட்டுமாவது வழியில் உடன்பாட்டுக்கு வரலாம். பிள்ளைகளைப் பிணையாகப் பிடிக்கலாகாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டில் 'அன்பின் மகிழ்வு' மடலில் மன்றாடியது, கட்டணம் கட்டாததால் தேர்வு அறைக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

சில குடும்பங்களில் இருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டே வழக்காடுகிறார்கள். வேறு வீடு பார்க்க வசதியில்லை. பிரிந்து வாழ்தல் என்பதற்கு வெவ்வேறு வீடுகளில் வாழ்தல் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஒரே கூரையின்கீழும் கணவன் மனைவியாக வாழாதிருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. அத்தகைய வீட்டில் குளிர்பெட்டியின் தட்டுகள் பங்கிடப்படுகின்றன. உப்புக்கும் இரண்டு ஜாடிகள். இருவரும் சமமாகப் பயன்படுத்துவதால் அங்கே செலவைப் பிரிப்பது கணக்கில் எளிது, வாழ்வதற்கு மிகக் கடிது. ஒருவர் வெளியேறிவிட்ட வீட்டிலோ கணக்கே கடினம். மேற்சொன்ன கணவர் வெளியேறி, 10,000 ரூபாய் வாடகையில் ஓர் அறை எடுத்துக்கொண்டார் என்று கொள்வோம். அவ்வாடகையை அவர் வருமானத்திலிருந்து கழித்தபின் பங்கிட்டால், 36,000 ரூபாயில் அவர் பங்கு 22,500; மனைவியின் பங்கு 13,500. ஆனால் அவ்வாறு கழிக்கலாமா? அடிதாங்காமல் வெளியேறியவருக்குக் கழிக்க வேண்டும். வேறொரு துணையோடு வாழ வெளியேறியவரின் வாடகையை இந்த வீட்டுப் பிள்ளைகள் ஏன் சுமக்க வேண்டும்? குற்றத்தையும் செலவையும் வேறு ஏடுகளில் எழுதுங்கள் என்று கூறிய நாமே இங்கே அவற்றைச் சற்று நெருங்க விடுகிறோம் என்பதை வாசகர் கவனித்திருப்பர். முற்றாக விலக்கி வைக்க இயலாத ஓர் இடம் இது.

இதனினும் கடினமான ஒன்று உண்டு. மகன் வெளியேறிவிட்டான், அவனுடைய முதிய தாய் மருமகளிடமே தங்கிவிட்டாள். நம் ஊர்களில் இது அரிதன்று. மாமியாரின் நீரிழிவு மாத்திரைகளுக்கும், மாதாந்திரப் பரிசோதனைக்கும் யார் பணம் கட்டுவது? பெற்றோரைப் பேணும் கடமையை 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகள்மேல்தான் சுமத்துகிறது. மருமகளை அது பிள்ளைகள் பட்டியலில் சேர்க்கவில்லை. மாமியாரை விட்டு அகலாத ரூத்து நம் நினைவுக்கு வருகிறாள். அவள் வாற்கோதுமை வயலில் கதிர் பொறுக்கி நகோமிக்கு உணவளித்தாள். ஆனால் ரூத்தின் கணவன் இறந்துபோனவன். அவனுக்குக் கணக்கனுப்ப வழியில்லை. இங்கே மகன் உயிரோடு இருக்கிறான், ஊதியமும் பெறுகிறான். மருந்துக் கடைச் சீட்டை மாதந்தோறும் அவனுக்கு அனுப்பி வைக்க மருமகளுக்கு எல்லா உரிமையும் உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. அவன் பணம் அனுப்பும்வரை கிழவிக்கு மாத்திரை எங்கிருந்து வருகிறது என்பதை, குடும்ப நீதிமன்றம் இதுவரை அவளிடம் கேட்டதில்லை.